பிரியாணி இல்லாத கிறிஸ்துமஸ்: மரச்சீனியும் இலைமீனும்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் மட்டன் பிரியாணி. நாகர்கோவில் பக்கம் எங்களுக்குத் தெரிந்த பாதி வீடுகளில் இதே கதைதான். விடியக்காலை நாலரைக்கு ஆராதனை. அதற்காக மூன்று மணிக்கே எழுந்து, குளித்து, புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குப் போய் வந்து, இட்லியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டு முடிக்கும்போது கண் சொக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் தம் போட உட்கார வேண்டும். மதியம் அரைத்தூக்கத்தில் ஆளுக்கு ரெண்டு கரண்டி சாப்பிடுவார்கள். மிச்சம் ஃப்ரிட்ஜுக்குள் ஏறி, புது வருஷம் வருகிற வரைக்கும் ஏதாவது ஒரு டப்பாவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த முறை பெரிய சாப்பாட்டை ராத்திரிக்கு மாற்றுவது, பிரியாணியை எடுத்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அப்பாவுக்கு ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு காரணம். தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேரும் சைவம் என்பது இன்னொன்று. வருஷா வருஷம் அவர்களுக்குத் தனியாக ஒரு குக்கரில் வெஜிடபிள் பிரியாணி வைத்து ஓரமாக நீட்டுவது எனக்கே நன்றாகப்படவில்லை. மொத்தம் 14 பேர்: சைவம் மூன்று, சின்னப் பிள்ளைகள் மூன்று, மற்ற எட்டுப் பேரும் மீன் என்றால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத ஆட்கள்.

மெனு எழுத உட்கார்ந்ததும் முதலில் புரிந்தது, பிரியாணியின் இடத்தில் வேறொரு பதார்த்தத்தை வைத்தால் காரியம் நடக்காது என்பது. பிரியாணி அன்றைக்குப் பல வேலை பார்க்கிறது. ஒரே பாத்திரத்தில் எல்லாருக்கும் சாப்பாடு முடிந்துவிடும். தம்மில் கிடந்தால் ரெண்டு மணி நேரம் கழித்து வருகிறவருக்கும் சூடாகக் கிடைக்கும். சொல்லாமல் நாலு பேர் வந்து நின்றாலும் தாங்கும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பலாம். இத்தனையையும் புது மெனுவில் யார் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டேதான் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ருசி அதற்கு அப்புறம்.

கடைசியில் நின்ற பட்டியல் இது: மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) மசித்தது. வாழையிலையில் கட்டிச் சுட்ட நெய்மீன் (வஞ்சிரம்). மீன் தலையும் வாலும் போட்டு மாங்காய்க் குழம்பு. உள்ளித் தீயல் (சின்ன வெங்காயம் போட்டு, வறுத்த தேங்காய் அரைத்த குழம்பு). சைவக்காரர்களுக்கு அதே இலைப்பொதியில் காளானும் பன்னீரும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கோழி வறுவல். அப்பாவுக்காக ஒரு சின்னப் பானை சம்பா அரிசிச் சோறு. இனிப்புக்கு, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேக வைத்த புட்டிங். கேக், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் எப்போதும்போல டின்னில் இருக்கும், அதில் கை வைக்கவில்லை.

பட்டியலைக் கேட்டதும் பெரியம்மா, “எலே மக்களே, கிறிஸ்துமஸுக்குப் போயா கெழங்கு வைக்கப் போற? வாறவன் என்ன நெனப்பான்?” என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் மரச்சீனிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தியவர். 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அந்தப் பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பாற்றியது கிழங்குதான். 1956இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், கிழங்கும் கூடவே வந்தது. ஆனால் பெரியம்மா வயதுக்காரர்களுக்கு அது அரிசி இல்லாத நாளின் சாப்பாடு. பண்டிகை அன்றைக்கு அதை இலையில் பார்க்க மனசு ஒப்பாது.

போலந்துக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி இறைச்சியே தொடாமல் கெண்டை மீன் சாப்பிடுகிறார்கள், ஜப்பானில் 1974இல் கே.எஃப்.சி. செய்த விளம்பரத்துக்கு அப்புறம் பொரித்த கோழிதான் அங்கே கிறிஸ்துமஸ் சாப்பாடு என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். “அவனுக என்னமும் திங்கட்டு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோழி வறுவலும் சோறும் பட்டியலில் ஏறியது இந்தப் பேச்சுவார்த்தையின் விளைவு. யோசித்துப் பார்த்தால் அது நல்லதுதான். புது மெனு போடுகிறவர்களுக்கு நான் சொல்வேன்: கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் கை நீட்டுகிற பழைய ஐட்டம் ஒன்று ரெண்டு அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்து மீன். இங்கேதான் கிறிஸ்துமஸுக்கே உரிய ஒரு சிக்கல். கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். 25ஆம் தேதி அவர்களும் கடலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்கு மார்க்கெட்டில் ஐஸ் மீன்தான் கிடைக்கும். அதனால் 24 காலையிலேயே மீன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நமக்குத் தோன்றியது நாலு பேருக்கும் தோன்றும் என்பதால் அன்றைக்கு நெய்மீன் விலை ஒரு ஏற்றம் ஏறும். வழக்கமாக வாங்குகிற அக்காவிடம் முன்கூட்டியே, ஐந்து கிலோவில் ஒற்றை மீன், குளச்சலோ முட்டமோ எங்கிருந்து வந்தாலும் சரி, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஐந்து கிலோ மீனில் தலை, வால், குடல் போக மூன்றேகால் கிலோ அளவுக்குத் துண்டு தேறும். ஒரு விரல் கனத்துக்கு வெட்டச் சொன்னால் துண்டு ஒன்று 150, 160 கிராம் வரும், ஆக 20 துண்டு. வெட்டுகிறவர்கள் பழக்கத்தில் மெலிசாகப் போட்டுவிடுவார்கள், பொரிப்பதற்கு அதுதான் சரி. இலையில் கட்டுவதற்கு மெலிசுத் துண்டு ஆகாது, மசாலா சூடேறுவதற்குள் மீன் வெந்து உதிர்ந்துபோகும். பக்கத்திலேயே நின்று விரலைக் காட்டி வெட்டி வாங்கினேன். தலையை நாலாகப் பிளந்து வாங்கிக்கொண்டால் குழம்புக்குத் தனியாக மீன் வாங்க வேண்டியதில்லை.

24 காலையில் வாங்கியது 25 ராத்திரி வரைக்கும் கெடாமல் இருக்க வேண்டுமே. கழுவி, தண்ணீர் ஒட்ட வடித்து, துணியால் ஒற்றி, ஓட்டைத் தட்டில் பரப்பி, அடியில் ஐஸ் வைத்த பாத்திரத்தின் மேல் ஏற்றி, ஃப்ரிட்ஜில் குளிர் அதிகமான மேல் தட்டில் வைத்தோம். ஐஸ் கரைகிற தண்ணீர் மீனில் படக் கூடாது, முக்கியமான விஷயம் அதுதான். மசாலாவை முந்தின நாளே தடவி ஊற வைக்கலாமே என்று அண்ணன் கேட்டான். உப்பும் புளிப்பும் ஒரு ராத்திரி முழுக்க மீனில் கிடந்தால் தசை இறுகி மாவு மாதிரி ஆகிவிடும். கோழிக்குச் சரிப்படுவது மீனுக்குச் சரிப்படாது.

24ஆம் தேதிக்கு ஒதுக்கிய பெரிய வேலை அரைப்பது. டிசம்பர் மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் சாயங்காலம் மிக்ஸியை நம்பி உட்காருவது ஆகாத காரியம். அதனால் மத்தியானத்துக்குள் மூன்று அரைப்பையும் முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்: தீயலுக்கு, குழம்புக்கு, இலைமீனுக்கு. கிழங்கில் சேர்க்கிற தேங்காய் கொரகொரப்பாக இருந்தால் போதும், அதற்குப் பின்கட்டில் அம்மி கிடக்கிறது.

தீயலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மெனுவில் பிரியாணியின் “கெடாமல் நிற்கிற” குணத்தை ஏற்றுக்கொண்டது அதுதான். பச்சைத் தேங்காய் அரைத்த குழம்பு வெளியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் புளிக்க ஆரம்பிக்கும். தீயலில் தேங்காயை வறுத்துவிடுவதால் அது நின்று தாங்கும், ருசியும் மறுநாள்தான் கூடும். ரெண்டு தேங்காய்த் துருவலை ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில், சிறு தீயில், கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் ஈரம் போகும், அப்புறம் பொன்னிறம், அப்புறம் சட்டென்று நிறம் ஓடும். காப்பித்தூள் நிறம் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மல்லியும் மிளகாய் வத்தலும் நல்லமிளகும் போட்டு, தீயை அணைத்த பிறகும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டியின் சூடே மிச்ச வேலையைப் பார்த்துவிடும். இதைத் தண்ணீர் விடாமல் அரைத்தால் தேங்காயின் எண்ணெயே கசிந்து கரும்பழுப்பு விழுதாக வழியும். அந்தப் பதம் வராமல் தண்ணீர் விட்டால் அது தீயல் இல்லை, புளிக்குழம்பு. ஒன்றரைக் கிலோ சின்ன உள்ளியைத் தண்ணீரில் ஊறப் போட்டுப் பையன்களிடம் தள்ளிவிட்டோம். கேரல் பாடிக்கொண்டே உரித்தார்கள். பாட்டு நன்றாக இருந்தது, உரித்த உள்ளியில் பாதித் தோல் இருந்தது.

இலைமீன் மசாலாவுக்கு 600 கிராம் உள்ளி, பூண்டு, இஞ்சி, நாலு தக்காளி, மிளகாய்த்தூள், நல்லமிளகுத்தூள், கறிவேப்பிலை, கரைத்த புளி கொஞ்சம். தேங்காய் எண்ணெயில் சுருள வதக்கி, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கிற கெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். கேரளத்தில் மீனைப் பாதி பொரித்து, மசாலா வைத்து, இலையில் கட்டி மறுபடியும் கல்லில் போடுவார்கள். 20 துண்டுக்கு அந்த இரட்டை வேலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதோடு பாதி வெந்த மீனை மூன்று மணி நேரம் வெளியில் வைத்திருப்பதும் சரியில்லை. மசாலாவை நன்றாக ஆறவைத்து, உப்பும் மஞ்சளும் தடவிய பச்சை மீனோடு கட்டி, ஃப்ரிட்ஜில் அடுக்குவது என்று முறையை மாற்றிக்கொண்டேன். முந்தின வாரம் சின்ன மீன் ஒன்றில் செய்து பார்த்தபோதே இது சரியாக வந்தது. அகலமான தோசைக்கல்லில் மூடி போட்டு, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு எட்டு நிமிஷம். இலை ஓரம் கருகி, கட்டுக்குள்ளிருந்து எண்ணெய் சீறுகிற சத்தம் கேட்டால் உள்ளே வெந்திருக்கும்.

வாழையிலையைத் தீயில் காட்டாமல் கட்டினால் மடிப்பில் கிழியும். அடுப்புத் தீக்குச் சற்று மேலே பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், சூடு பட்ட இடத்தில் வெளிறிய பச்சை கருத்து, மெழுகு பூசினதுபோல் மினுங்கும். அந்தக் கோடு இலையின் மறுமுனை வரைக்கும் ஓடி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நடு நரம்பை முதலிலேயே சீவித் தள்ளிவிட்டால் மடிக்க எளிது. கட்டுவதற்கு நனைத்த வாழைநார். மீன் பொதிக்கு ஒற்றை முடிச்சு, காளான்-பன்னீர் பொதிக்கு இரட்டை முடிச்சு என்று மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். பொதி எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், முடிச்சைப் பார்க்காவிட்டால் கட்டினவர்களுக்கே அடையாளம் தெரியாது. சைவப் பொதிகளைத்தான் முதலில் கல்லில் போடுவது என்றும் தீர்மானம். கல் அப்போதுதான் தேய்த்துக் கழுவியதாக இருக்கும், மாப்பிள்ளையின் அம்மா கண்ணெதிரே போட்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லாமல் சாப்பிடத் தோன்றும்.

இந்தப் பொதிதான் பிரியாணியின் மற்ற வேலைகளையும் எடுத்துக்கொண்டது. வெந்த பொதிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைத்தால் முக்கால் மணி நேரம் வரைக்கும் கை சுடுகிற சூட்டோடு இருக்கும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப டப்பா தேட வேண்டாம், அதைத் திருப்பி வாங்குகிற பஞ்சாயத்தும் இல்லை. சைவ வீட்டுக்கு இரட்டை முடிச்சு, மற்ற வீட்டுக்கு ஒற்றை முடிச்சு.

கிழங்கு மட்டும் எந்த ஏற்பாட்டுக்கும் வளையாது. தோண்டி எடுத்த ரெண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடும். ஆகவே முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. 24 சாயங்காலம் வாங்கி, ஒன்றை ஒடித்துப் பார்த்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்றிரவே தோல் உரித்து, துண்டாக்கி, தண்ணீரில் போட்டு மூடிவிட்டால் மறுநாளுக்குத் தாங்கும். வேக வைக்கும்போது நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்ட வேண்டும். மரச்சீனியில் சயனைடை வெளியிடுகிற ஒரு பொருள் இருக்கிறது, கசப்பு ரகங்களில் அதிகம். ஊற வைப்பதும், திறந்து வைத்து வேக வைப்பதும், வடிப்பதும் அதைப் போக்கத்தான். குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்து மூடி எடுப்பது வேலையைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்பு, கிழங்கு மெத்தென்று ஆன பிறகு.

அடுத்த தொல்லை, மசித்த கிழங்கு ஆறினால் இறுகி, கரண்டியைப் போட்டால் கரண்டியோடு சட்டியும் சேர்ந்து வரும். பிரியாணி மாதிரி அது யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே ரெண்டு கட்டமாகப் பிரித்தோம். ஐந்து மணிக்குள் வேகவைத்து வடித்து மூடி வைப்பது, பந்திக்கு இருபது நிமிஷம் முன்னால் கொதிக்கிற வெந்நீர் ஒரு கப் தெளித்து மறுபடியும் அடுப்பில் ஏற்றி, தேங்காய், காந்தாரி மிளகாய், சீரகம், பூண்டு, மஞ்சள் தட்டிப் போட்டு மசிப்பது. கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளிதம்.

புட்டிங்கை மனைவி 24 ராத்திரியே முடித்துவிட்டாள். உடன்குடிக் கருப்பட்டி 250 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டியது (மண் இல்லாத கருப்பட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை). அது ஆறின பிறகு ஆறு முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, ஏலம், கொஞ்சம் சுக்கு. நுரை வராமல் கலக்கி, இன்னொரு தடவை வடிகட்டி, பாத்திரத்தைத் தட்டால் மூடி, இட்லிச்சட்டியில் சிறு தீயில் நாற்பது நிமிஷம். ஆவித் தண்ணீர் உள்ளே சொட்டினால் மேலெல்லாம் குழி விழும். இலங்கையில் வட்டலப்பம் என்று செய்வது இதற்கு அண்ணன் முறை. அங்கே கித்துள் மரத்துக் கருப்பட்டி. அப்பா, “கருப்பட்டிதானே, சர்க்கரை ஏறாது” என்று ரெண்டாவது கிண்ணத்தை நீட்டினார். அது நம்ம ஊர் ஆறுதல். சர்க்கரை சர்க்கரைதான். கொடுக்கவில்லை.

25ஆம் தேதி மதியத்துக்கு ரசமும் சோறும், ஒரு பொரியல், அவ்வளவுதான். பலகாரத் தட்டு மேஜையிலேயே இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. ரெண்டு மணி நேரம் வீடே தூங்கியது. அந்தத் தூக்கத்துக்காகவே பெரிய சாப்பாட்டை ராத்திரிக்கு மாற்றலாம்.

நாலு மணியிலிருந்து ஓட்டம். காலண்டர் தாளின் பின்பக்கம் நேரத்தை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தேன். நாலு மணி பொதி கட்டுவது, நாலரைக்கு வெளியில் விறகடுப்பில் கிழங்கு, ஐந்தரைக்கு மண்சட்டியில் மீன்குழம்பு, ஆறுக்குச் சைவப் பொதி, ஆறே காலுக்கு மீன் முதல் ஈடு, ஆறரைக்குக் கோழி, ஆறே முக்காலுக்கு மீன் ரெண்டாவது ஈடு, கிழங்கு மசிப்பு, ஏழரைக்குப் பந்தி. கேஸ் அடுப்பில் மூன்று பர்னர்தான், அதில் ரெண்டை தோசைக்கல்லே பிடித்துக்கொள்ளும். கிழங்கை விறகடுப்புக்குத் தள்ளியது அதனால்தான். உண்மையில் மெனுவைத் தீர்மானித்தது பர்னர்தான், நாங்கள் அதைப் பார்த்துப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டோம். முருங்கைக்கீரை சூப் என்று ஒன்று ஆரம்பத்தில் இருந்தது, அதற்கு அடுப்பு கிடைக்காததால் போய்விட்டது.

ஆறரை வாக்கில் மழை பிடித்துக்கொண்டு கரண்டும் போனது. அரைப்பெல்லாம் முடிந்திருந்ததால் சமையல் நிற்கவில்லை. விறகடுப்புக்கு மேலே தகரம் இருந்தது, ஆனால் சாரல் அடித்தது. கிழங்கு மசிப்பை உள்ளே கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. கோழிச் சட்டியை இறக்கி அந்த பர்னரைக் கொடுத்தோம். கோழி கொஞ்சம் பிந்தியதில் பிள்ளைகள் அதற்குள் ஆளுக்கொரு மீன் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கோழியில் பாதி அப்படியே இருந்தது.

பெரியம்மா முதலில் சோற்றில் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். அப்புறம் கிழங்கில் ஒரு கரண்டி வாங்கித் தீயலைத் தொட்டுப் பார்த்தார். “காந்தாரி பத்தாது” என்றார், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா கிழங்கையும் தீயலையும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். இந்த முறை சைவத்துக்கென்று தனியாக ஓரம் எதுவும் இல்லை. மேஜையில் இருந்ததில் பாதி அவர்களுக்கும் உரியதாக இருந்தது. எட்டு மணிக்கு மேல் அண்ணனின் நண்பர்கள் மூன்று பேர் நனைந்துகொண்டு வந்தார்கள், அவர்களுக்கும் பொதி இருந்தது.

அடுத்த வருஷத்துக்காகக் குறித்து வைத்திருப்பது: கிழங்கு ஐந்து கிலோ அதிகம், நாலு போதும். மிச்சத்தை மறுநாள் உள்ளியும் மிளகாயும் சேர்த்து உருட்டி, தட்டி, வடையாகப் பொரித்தோம், போய்விட்டது. நெய்மீன் ஆறு கிலோவாக ஒன்று, இல்லையென்றால் மூன்று கிலோவில் ரெண்டு. பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினது போக 20 பொதி இழுபறியாகத்தான் இருந்தது. கோழி பாதியாகக் குறையட்டும், காந்தாரி ரெண்டு பங்கு. மழைக்காற்றில் நுனியிலை கிழிந்துபோகிறது, அதனால் இலையைப் பத்து அதிகமாகவே சொல்லி வைக்க வேண்டும். உள்ளி உரிப்பதை 23ஆம் தேதிக்குத் தள்ளலாம், உரித்த உள்ளி ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி தாங்கும். தகரத்துக்கு ஒரு பக்கம் தார்ப்பாய் கட்ட வேண்டும்.